டாக்டர் நாயரும் பன்னிரண்டு மணி நேரமும்



மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். நம் மலேசியாவில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. துன் டாக்டர் இஸ்மாயில் இருக்கிறார். டாக்டர் மகாதீர் இருக்கிறார். பினாங்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட டாக்டர் லிம் சொங் யூ இருக்கிறார். இங்கே டெங்கிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், செராஸ் பக்கம் பிறந்து, பத்து தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, எதிர்க்கட்சி என்றாலே அவர்தான் என்று பெயர் வாங்கிய டாக்டர் டான் சீ கூன் இருக்கிறார். செந்தூல் ரயில்வே பட்டறைத் தமிழர்கள் பலர் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். 2008இல் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் இந்த வரிசைதான். ஈப்போ மருத்துவமனையில் நுரையீரல் நோய் பார்த்தவர்.

இவர்களை எல்லாம் விட்டுவிட்டு, 1919இலேயே இறந்துபோன சென்னை டாக்டர் ஒருவரை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தரவத் மாதவன் நாயர் என்பது அவர் முழுப் பெயர். தமிழ்நாட்டு அரசியல் படித்தவர்களுக்கு அவர் நீதிக்கட்சியின் மூவரில் ஒருவர்: நடேசனார், தியாகராயர், நாயர். சென்னை தியாகராய நகரில் டாக்டர் நாயர் சாலை என்று ஒன்று இருக்கிறது. துணி எடுக்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறார்கள். யார் இந்த நாயர் என்று கேட்டால், பிராமணரல்லாதாருக்கு உத்தியோகம் கேட்டவர் என்பதோடு பதில் முடிந்துவிடும். அது பொய்யில்லை, ஆனால் அவர் வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுக் கதை அது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அவர் பேசியது சாக்கடை, குடிதண்ணீர், ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம். கட்சியின் நினைவில் தங்காத இந்தப் பாதிதான், பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நமக்கு அதிகம் சொந்தமானது என்பது என் எண்ணம்.

நாயர் பிறந்தது 1868 ஜனவரி 15, மலபாரின் திரூரில். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். தந்தை மாவட்ட முன்சீப். சகோதரி தரவத் அம்மாளு அம்மா சமஸ்கிருதமும் மலையாளமும் கற்ற எழுத்தாளர். அந்த அம்மையாரைப் பற்றி ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும். திருவிதாங்கூர் திவானை எதிர்த்து எழுதிய பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1910இல் நாடு கடத்தப்பட்டபோது, பாலக்காட்டில் அவருக்கு அடைக்கலம் கொடுத்த வீடு அம்மாளு அம்மாவுடையது. அதிகாரத்துக்கு அஞ்சாத குணம் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வாய்த்ததல்ல.

பாலக்காட்டில் பள்ளிப்படிப்பு. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே முடிக்காமல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய், 1894இல் மருத்துவப் பட்டம், 1896இல் எம்.டி. பாரிஸில் காது, மூக்கு, தொண்டைத் துறையில் பயிற்சி.

எடின்பரோ மருத்துவம் படித்துவிட்டு அரசியலில் இறங்கியவர்களுக்கு ஒரு நீண்ட பாரம்பரியமே உண்டு. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 1776இல் கையெழுத்திட்டவர்களில் பெஞ்சமின் ரஷ் என்ற டாக்டர் இருந்தார். நாயர் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன், 1768இல், இதே எடின்பரோவில் எம்.டி. வாங்கியவர். அடிமை முறையை எதிர்த்து எழுதினார். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப் போடாதே என்று வாதாடினார். ஆனால் 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, நோயாளிகளின் ரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தவரும் அவரே. தப்பு என்று மற்ற மருத்துவர்கள் சொன்னபோது காதில் வாங்கவில்லை. மருத்துவர் அரசியலுக்கு வந்தால் நன்மையும் உண்டு, 'எனக்குத் தெரியும், நீ சும்மா இரு' என்ற குணமும் கூடவே வரும். நாயரிடமும் இரண்டும் இருந்தன. நம் லிம் சொங் யூவும் 1944இல் அதே பல்கலைக்கழகத்தில்தான் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஆசியாவில் இப்படி ஒரு தலைமுறையே கிளம்பியது. பிலிப்பைன்ஸில் ஹொசே ரிசால் கண் மருத்துவர். சீனத்தில் சன் யாட் சென் ஹாங்காங்கில் மருத்துவம் படித்தவர். நாயரைவிட இரண்டு வயது மூத்தவர். காலனி நாட்டில் பிறந்து, மேல்நாட்டு அறிவியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவனுக்கு முதலில் கண்ணில் படுவது என்ன? தன் அறையில் ஒரு நோயாளியைக் குணப்படுத்தி அனுப்பினால், அவன் திரும்பிப் போவது அதே தெருவுக்கு, அதே குடிதண்ணீருக்கு. அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பான்.

நாயர் 1897இல் சென்னை திரும்பினார். தொழிலும் நடந்தது, காங்கிரசிலும் சேர்ந்தார். இதைக் கேட்டு யாரும் வியக்க வேண்டாம். பத்தொன்பது ஆண்டுக் காலம் அவர் காங்கிரஸ்காரர். 1904இல் திருவல்லிக்கேணி சார்பாகச் சென்னை மாநகராட்சி உறுப்பினரானார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அதே 1904இல் டாக்டர் யு. ராமராவ் 'ஆண்டிசெப்டிக்' என்ற ஆங்கில மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். நாயர் அதன் ஆசிரியர். பகலில் நோயாளி, மாலையில் மன்றம், இரவில் அச்சுத்தாள் திருத்தம் என்று ஓடிய வாழ்க்கை.

மாநகராட்சி மன்றத்தில் அவருக்கும் தியாகராயருக்கும் ஒத்துப்போகவில்லை. மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சிக் குழாயிலிருந்து தண்ணீர் விட வேண்டும் என்று தியாகராயர் கேட்டாராம். வரி கட்டும் மக்கள் குடிக்கத் தண்ணீர் போதாதபோது குளத்தை நிரப்புவதா என்று நாயர் மறுத்தாராம். அதுவும் அவருடைய சொந்தத் தொகுதிக் கோயில்! ஓட்டுக் கணக்குப் பார்க்கிற எவரும் அந்த வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். தியாகராயர் பக்தர், நகரத்தின் பெரிய மனிதர். நாயருக்கோ குழாய்த் தண்ணீர் என்பது காலராவுக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சுவர். பிற்காலத்தில் ஒரே கட்சியைக் கட்டிய இருவர், எதிரும் புதிருமாக இருந்த காலம் இது.

இனி நான் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருகிறேன்.

1900களின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு மின்விளக்கு வந்தது. அதுவரை சூரியன்தான் தொழிலாளிக்குக் கடிகாரம். இருட்டினால் வேலை நிற்கும். விளக்கு வந்ததும் அந்தக் கடைசிப் பாதுகாப்பும் போயிற்று. நூலுக்கு நல்ல விலை இருந்த நேரம். பல ஆலைகளில் நாளுக்கு 14, 15 மணி நேரம் வேலை வாங்கினார்கள். சட்டம் என்ன செய்தது? 1881ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளை மட்டும் பார்த்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு வைத்தது, குழந்தைகளுக்கு 7 மணி. வளர்ந்த ஆண் பிள்ளைக்கு வரம்பே கிடையாது. அவன் வயது வந்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம்.

கூச்சல் கிளம்பவே அரசாங்கம் முதலில் ஒரு குழுவை அமைத்தது. அடுத்து 1907இல் மாரிசன் என்பவர் தலைமையில் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் வந்தது. அதில் உறுப்பினராக அமர்ந்தவர்களில் டாக்டர் நாயரும் ஒருவர். ஆணையத்தின் அறிக்கை 1908இல் வந்தது. வேலை நேரம் மிக அதிகம் என்பதை ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் வளர்ந்த ஆணின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டு நேரடியாகக் குறைக்க வேண்டாம் என்றது பெரும்பான்மை. பதினான்கிலிருந்து பதினேழு வயதுவரை 'இளையோர்' என்று ஒரு புது வகுப்பை உண்டாக்கி அவர்களுக்கு வரம்பு வைத்தால், அவர்கள் வெளியே போகும் நேரத்தில் ஆலையும் தானாக நின்றுவிடும் என்பது அவர்கள் யோசனை. நாயர் இதோடு ஒத்துப்போகவில்லை. ஆண்களுக்கும் 12 மணி நேரம் என்று சட்டமே நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று தனியாக மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

பெரும்பான்மையோரின் அறிக்கையில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு இது: இந்தியத் தொழிலாளி நாள் முழுதும் ஒரே சீராக வேலை செய்வதில்லை, புகை பிடிக்கப் போகிறான், குளிக்கப் போகிறான், ஆலை வளாகத்தில் சுற்றித் திரிகிறான், ஆகவே 14 மணி என்றாலும் அது 14 மணி அல்ல. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. சோம்பேறி என்று கிராணியும் துரையும் திட்டிய திட்டை நம் தாத்தாக்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் உடற்கூறு படித்தவனுக்கு இதே காட்சி வேறாகத் தெரியும். பஞ்சுத் தூசி பறக்கும் சூடான கூடத்தில், நின்ற நிலையில், ஒரு உடம்பு எத்தனை மணி நேரம்தான் தாங்கும்? தாங்காதபோது அது தானாக எழுந்து வெளியே போகிறது. சுற்றித் திரிவது குற்றமல்ல, களைப்பின் அறிகுறி. அறிகுறியைக் காரணமாகக் காட்டி வைத்தியத்தை மறுப்பதை எந்த மருத்துவரும் ஏற்க முடியாது.

நாயர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் கவனிக்க வேண்டும். அது சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஆலைச் சட்டம் என்றாலே இங்கிலாந்தின் லங்காஷயர் முதலாளிகள் இந்தியத் தொழிலை நசுக்கச் செய்யும் சூழ்ச்சி என்று தேசியவாதிகள் பலர் பேசினார்கள். அந்தச் சந்தேகத்தில் உண்மையும் இருந்தது. மான்செஸ்டர்காரனுக்குப் பம்பாய்த் தொழிலாளி மேல் திடீரென்று பாசம் பொங்கவில்லை. காங்கிரஸ்காரரான நாயர் இதை அறியாதவரா? அறிந்தே எழுதினார். எதிராளி சுயநலத்துக்காகச் சொன்னாலும், தொழிலாளியின் உடம்பு தேய்வது தேய்வதுதான் என்ற நிலை அது. சொந்தக் கட்சியில் கைதட்டல் கிடைக்காத இடத்தில் போய் நின்றார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் இதுவே. பிற்காலத்து மேடை முழக்கங்களுக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

1911இல் புதிய தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாலைகளில் வளர்ந்த ஆண்களுக்கும் நாளுக்கு 12 மணி நேரமே உச்சவரம்பு, குழந்தைகளுக்கு 6 மணி நேரம். ஆணையத்தின் பெரும்பான்மை வேண்டாம் என்றது, தனிக் குறிப்பு எழுதிய நாயர் வேண்டும் என்றார். சட்டத்தில் ஏறியது இரண்டாவது. பன்னிரண்டு மணி நேரம் என்பதை இன்று கேட்டால் கொடுமையாகத் தோன்றும். இந்திய வரலாற்றில் வளர்ந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்துக்குச் சட்டம் கோடு கிழித்தது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டுகளில் இந்தப் பக்கம், மலாயாவில், என்ன நடந்தது? கிள்ளானுக்கு 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். ஊர் முழுக்க மலேரியா. அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, காய்ச்சல் தாங்காமல் இரண்டே மாதத்தில் மூட வேண்டியதாயிற்று. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. வாட்சன் சதுப்பை வடித்தார், வாய்க்கால் வெட்டினார், காடு அழித்தார். கிள்ளானும் துறைமுகமும் பிழைத்தன. பிறகு தோட்டம் தோட்டமாக அலைந்து அதே வேலையைச் செய்தார். 1911இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் விடியலுக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, மருந்து கொடுக்கும் டிரெசர் கையில் கொய்னாத் தண்ணீரோடு, அதாவது குயினைனோடு, வருவார். கசப்புத் தாங்காமல் வாயில் வைத்துக்கொண்டே போய் மரத்தடியில் துப்பியவர்கள் உண்டு என்று கேட்டிருப்பீர்கள். விழுங்கினாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. கொய்னா காய்ச்சலைத் தணிக்கும். கொசு பிறக்கும் ஓடையை அது என்ன செய்யும்? ஓடையைச் சீர் செய்யப் பணம் வேண்டும். பணத்துக்கு முதலாளி இணங்க வேண்டும், அல்லது சட்டம் இணங்க வைக்க வேண்டும். வாட்சன் அரசியலுக்கு வரவில்லை. ஆனால் தோட்டத்து நிர்வாகிகளோடும் அரசாங்கத்தோடும் வாய்க்கால் செலவுக்காக வாதாடிய ஒவ்வொரு நாளும் அவர் அரசியல்தான் செய்தார். தொழிலாளி குறைவாகச் செத்தால் தோட்டத்துக்கு லாபம் என்று கணக்குக் காட்டித்தான் பல இடத்தில் காரியம் நடந்தது. நாயரின் வழி வேறு. லாபக் கணக்கைக் காட்டி இரங்க வைப்பதில்லை. இதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டத்தில் எழுது என்பார்.

மறுபடி சென்னைக்கு. 1912இல் நாயர் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டு ஒரு வழக்கில் மாட்டினார், அல்லது மாட்டிக்கொள்வதை விரும்பினார் என்றே சொல்லலாம். பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் மீது சிறுவர்கள் தொடர்பான குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. நாயர் 'ஆண்டிசெப்டிக்' இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார். சபையின் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். சிறுவர்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு மருத்துவர் பேசியதில் தவறில்லை. ஆனால் இந்தப் பகை அதோடு நிற்கவில்லை. 1916இல் பெசன்ட் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது, அதை நாயர் எதிர்த்த வேகத்தில் கொள்கை எவ்வளவு, பழைய பகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 1918இல் பெசன்ட்டைப் பற்றி அவர் எழுதியவற்றைத் தொகுத்து ஒரு தனிப் புத்தகமே வந்தது. இவ்வளவு உழைப்பு அந்த ஒரு அம்மையாருக்குத் தேவையா என்று எனக்குத் தோன்றும். பிலடெல்பியா ரஷ்ஷின் பிடிவாதம் இங்கேயும் தலைகாட்டுகிறது.

முதல் உலகப் போர் வந்தபோது சென்னை மாகாணத்து மக்களின் நன்கொடையில் 'மெட்ராஸ்' என்ற மருத்துவமனைக் கப்பல் ஒன்றைச் சித்தம் செய்தார்கள். நாயர் நாற்பத்தாறு வயதுக்கு மேல் லெப்டினன்ட் தகுதியில் அந்தக் கப்பலில் காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும் கிடைத்தது. அந்தப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921இல் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டம் திறந்தார்கள். அதுதான் இந்தப் பக்கத்து பெராங் பெசார். அங்கே உருவான பிபி 86 ரக ரப்பர் மரத்தை வெட்டிய கைகள் இந்த அரங்கில் இருக்கின்றன. புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டத்தார் இங்கே டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்ததும், அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்த கதையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீடு என்பதும் நாயர் பேசிய பொருள்தான். மாநகராட்சி மன்றத்தில் சுகாதாரம் என்றால் முதலில் குடியிருப்பு.

1916 அவர் வாழ்வைத் திருப்பிப் போட்ட ஆண்டு. டெல்லி மத்திய சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு வி.எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நம் நாட்டுக்கே வருவார். தியாகராயருக்கும் அதே காலத்தில் தேர்தல் கசப்பு. திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்திய டாக்டர் நடேசனார், பேச்சுவார்த்தை இல்லாத இந்த இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். 1916 நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியில் நடந்த கூட்டத்தில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு வித்து விழுந்தது. மூவரில் இருவர் மருத்துவர்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த பிப்ரவரி 26 முதல் 'ஜஸ்டிஸ்' ஆங்கில நாளிதழ் வெளிவந்தது. ஆசிரியர் நாயர். பத்திரிகையின் பெயரே மக்கள் வாயில் கட்சிக்கும் பெயராகிவிட்டது.

அவர்கள் கையில் புள்ளிவிவரம் இருந்தது. 1912இல் மாகாணத்தின் 128 நிரந்தர மாவட்ட முன்சீப்களில் 93 பேர் பிராமணர். முன்சீப்பின் மகனான நாயருக்கு அந்த எண்ணின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் ஏன் நோய், சிலருக்கு மட்டும் ஏன் வேலை என்று கேட்பது ஒரே வகைக் கேள்வி. 1917 அக்டோபர் 7ஆம் நாள் சென்னை ஸ்பர்டாங்க் சாலையில், ஆதிதிராவிடர்கள் கூடிய கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை இன்றும் திராவிட இயக்கத்தார் அச்சிட்டு வாசிக்கும் உரை. ஆனால் ஒன்று. தொழிற்சாலை ஆணையத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாயரை, 'ஜஸ்டிஸ்' ஆசிரியர் நாயரிடம் நான் குறைவாகத்தான் காண்கிறேன். ஜமீன்தார்களும் மிட்டாதார்களும் சூழ்ந்த கட்சியில் வேலை நேரம் பெரிய பேச்சாக இருந்திருக்க முடியாது.

இந்தியாவுக்கு அரசியல் சீர்திருத்தம் தரப்போகிறோம் என்று 1917 ஆகஸ்டில் பிரிட்டனின் இந்திய அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். பிராமணரல்லாதாருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று வாதிட நாயர் 1918இல் லண்டன் போனார். கப்பல் இறங்கியதும் மேடை ஏறிப் பேசத் தடை. நண்பர்களின் எதிர்ப்புக்குப் பிறகுதான் தடை விலகியது. அடுத்த ஆண்டு, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொல்ல மறுபடி போனார். உடம்பு ஏற்கெனவே நீரிழிவில் தேய்ந்திருந்தது. சாட்சியம் சொல்லும் முன்பே, 1919 ஜூலை 17ஆம் நாள், லண்டனில் இறந்தார். வயது 51. கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் எரியூட்டப்பட்டார். டொரான்டோவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில். இரண்டரை ஆண்டு தாமதம்.

அவர் கேட்ட தனித் தொகுதி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டமன்றத்தில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் கட்சி ஆட்சிக்கு வந்தது. நாயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஆருடத்துக்குள் நான் போகவில்லை. மருத்துவர்கள் சட்டமன்றத்துக்குப் போகும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. 'ஆண்டிசெப்டிக்' தொடங்கிய டாக்டர் ராமராவ் 1937இல் சென்னை மேலவைத் தலைவரானார்; அவர் மகன் டாக்டர் கிருஷ்ணாராவ் பின்னாளில் சட்டமன்றச் சபாநாயகர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றம் புகுந்து தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் தனிச் சொற்பொழிவுக்கு உரிய கதை.

இப்போது சாஸ்திரியார். நாயரைத் தேர்தலில் வென்ற அதே சீனிவாச சாஸ்திரி, இருபது ஆண்டு கழித்து, 1936 டிசம்பரில், இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து இறங்கினார். தோட்டத் தமிழர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது பணி. ஆங்கிலப் புலமையில் நிகரில்லாத மனிதர், பண்பாளர், மிதவாதி. ஆட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய விகிதத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் எழுதினார். ஆள் அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் எழுதினார். இங்கிருந்த இந்தியர் சங்கத் தலைவர்களுக்கு அந்த அறிக்கை பெருத்த ஏமாற்றம். மறு ஆண்டே ரப்பர் விலை சரிந்து கூலி மறுபடி வெட்டப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. சாஸ்திரியார் காசைப் பார்த்தார். அது அவசியம்தான். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுகிறாய், மருந்து யார் தருகிறார் என்ற கேள்விகளை முன்னால் வைத்துப் பார்க்கும் கண் அவருடையது அல்ல.

அந்தக் கேள்விகளைத் தொழிலாளிகளே கேட்டார்கள். 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. 'தமிழ் நேசன்' துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதற்கு முன்னின்றார். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி இருந்தது, கள்ளுக்கடை மூடல் இருந்தது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி வேண்டும் என்று ஒன்று. நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்குவதை ஒழிக்க வேண்டும் என்று இன்னொன்று.